சிகரமும் பாதாளமும் ஒரே ஜில்லாவில்

கேள்வி: அமெரிக்காவில் ‘கவுண்டி’ என்கிறார்களே, அது நம் ஜில்லாவைப் போன்றதுதானா?

பதில்: ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் மேலிருந்து நியமனமாகும் கலெக்டர் அங்கே கிடையாது, நிர்வாகிகளை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1866-இல் ஸ்தாபிதமான இன்யோ கவுண்டியைப் பாருங்கள். அலாஸ்காவை நீக்கினால் அத்தேசத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய, 14,505 அடி உயர விட்னி மலை அதன் மேற்கெல்லையில் நிற்க, கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் மரணப் பள்ளத்தாக்கின் உப்புத்தரையும் அதே ஜில்லாவுக்குள் அடங்கியிருப்பது பிரகிருதியின் விசித்திரமே.

பையூட் பூர்வகுடிகள் வாய்க்கால் வெட்டிக் காட்டுக்கிழங்கு விளைவித்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கை வெள்ளைக்காரர்கள் அபகரித்துக்கொண்டு பயிரிட, அவர்கள் அனுபவித்த ஜலத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913-இல் 233 மைல் நீளக் கால்வாய் வழியே கொண்டுபோயிற்று. (யாருக்காக இரங்குவது என்று எனக்கே புலப்படவில்லை.) சினங்கொண்ட விவசாயிகள் 1924-இல் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தும் பயனில்லை, ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதியாயிற்று.

அப்படி ஜலமிழந்து கைவிடப்பட்ட ஊர்களில் ஒன்றான மான்ஸனாரில்தான், ஸ்பானிய மொழியில் ‘ஆப்பிள் தோட்டம்’ என்று பொருள்படும் அவ்விடத்தில்தான், ஜப்பானோடு யுத்தம் நடந்தபோது, 1942 முதல் 1945 வரை ஜப்பானிய வம்சத்தவர் பதினாயிரம் பேரை, பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகளாயிருந்தும், முள்வேலிக்குள் அடைத்துவைத்தார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த பழமரங்களை அந்தக் கைதிகளே மறுபடியும் பராமரித்துக் காய்க்கச் செய்தார்கள்.