கறள் பிடித்த செசி: ஒட்டுவதா, விடுவதா?

நமது வியாபாரிகள் பலரிடம் பழைய லொறியோ வேனோ ஒன்று இருக்கும். என்ஜின் குறையில்லாமல் ஓடும். ஆனால், அடியில் குனிந்து பார்த்தால் செசியைக் கறள் தின்றிருக்கும். ஒட்டி ஓட்டுவதா, விற்றுவிடுவதா? இந்தக் கேள்விக்கு ஒரு தடவை பிழையாகவும் ஒரு தடவை சரியாகவும் விடை கண்டவன் நான். இரண்டையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

புத்தளத்திலிருந்து புறக்கோட்டைக்கு உப்பும் கருவாடும் ஏற்றுவது எனது தொழில். இரும்புக்கு இவற்றைவிடப் பெரிய பகை இல்லை. கருவாட்டு மூட்டையில் வடியும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கால் இறங்கிச் செசியில் தங்கும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் லொறி நின்றாலும் அரிப்பு நிற்காது.

முதல் லொறியில் பின் ஸ்பிரிங் பொருத்தப்பட்ட இடத்தில் ஓட்டை விழுந்தது. "மேலால் ஒரு தகடு வைத்து அடித்தால் போதும் ஹாஜியார்" என்றார் கராஜில் ஒருவர். செலவு குறைவு, அரை நாள் வேலை. எனக்கும் அது இனித்தது. தகட்டுக்கு மேல் கறுப்புத் தார் பூசி அனுப்பினார்கள். ஐந்தாம் மாதம் மாதம்பைக்குக் கிட்டப் பாரத்தோடு போகையில் தகடு பழைய இரும்போடு கிழிந்து, பின் அச்சு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. லொறி வடிகானில் சாய்ந்தது. சாரதித் தம்பிக்குத் தோள்பட்டை முறிவு. உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். வைத்தியசாலையில் அவருடைய தாயாரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மிச்சம் பிடித்த காசு அன்று கண்ணில் குத்தியது.

முதற் பாடம்: கணக்குக்கு முன் இடம்

கறள் எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். பலகை தாங்கும் சிறு இரும்பில் என்றால் மாற்றிவிடலாம். ஸ்பிரிங் பிடிக்கும் இடம், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடம், குறுக்குச் சட்டம் நீளச் சட்டத்தோடு சேரும் மூட்டு ஆகியவற்றில் என்றால் அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

பார்க்கும் முறை எளிது. சேற்றைக் கழுவி, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் கூரான திருப்புளியால் அழுத்துங்கள். இரண்டு தகடுகள் சேரும் இடையில் வீக்கம் தெரிந்தால் உள்ளே கறள் பருத்துத் தகடுகளைப் பிரிக்கிறது என்று அறியுங்கள். பெட்டி வடிவச் சட்டம் உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இரண்டாம் பாடம்: எது பழுதுபார்த்தல்?

கறளுக்கு மேல் தகடு ஒட்டுவது பழுதை மூடுவதாகும். நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுத்து, அதே தடிப்புள்ள உருக்கை வைத்து வெல்டிங் செய்வதே பழுதுபார்த்தல். வலுவுக்கு வைக்கும் தகட்டின் முனைகள் சாய்வாக இருக்க வேண்டும். நேர் வெட்டாக முடிந்தால் சட்டம் அந்த இடத்தில் வெடிக்கும். வேலைக்கு முன் பற்றரியைக் கழற்ற வேண்டும், பக்கத்தில் இருந்தால் டீசல் தாங்கியையும் இறக்க வேண்டும். பின்னர் உள்ளும் புறமும் கறள் தடுக்கும் பூச்சு. தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்க வேண்டும். செசி இலக்கம் பொறித்த பகுதியை வெட்ட நேர்ந்தால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். இல்லையேல் பெயர் மாற்றும்போது சிக்கல் வரும்.

மூன்றாம் பாடம்: எத்தனை மாதம் உழைக்கும்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது. இடையில் உக்கிய வாகனத்துக்கும் விலை ஏறியதால் எதையும் ஒட்டி ஓட்டும் பழக்கம் வந்துவிட்டது. ஆகவே கணக்கை ஒழுங்காகப் போடுவோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான்.

லொறி இருக்கிற நிலையில் 20 இலட்சம் பெறும். பழுதுபார்க்க மதிப்பீடு 5 இலட்சம். வெட்டினால் மேலும் கறள் வெளிவரும், ஆகவே பாதியைக் கூட்டி 7.5 என்று வையுங்கள். 20 நாள் வாடகை லொறிக்கு 1.2. மொத்தம் 8.7 இலட்சம். கடைசியில் 15க்கு விற்கலாம் என்றால் உண்மைச் செலவு 20 + 8.7 − 15 = 13.7 இலட்சம். மூன்று வருடம் உழைத்தால் மாதம் சுமார் 38,000 ரூபா. பழைய வாகனத்தின் மற்றப் பராமரிப்புக்கு 15,000 கூட்டினாலும் 53,000.

மறுபக்கம், 60 இலட்சத்துக்கு நல்ல லொறி வாங்கி, மூன்று வருடத்தில் 50க்கு விற்று, லீசிங் மேலதிகமாக 14 இலட்சம் போனால் 24 இலட்சம். மாதம் 66,000க்கு மேல். அப்படியானால் பழுதுபார்ப்பதே இலாபம். ஆனால் அதே வேலை ஒரு வருடம்தான் தாங்கும் என்றால் மாதம் 1,14,000 ஆகிறது. எனவே பாஸிடம் "எவ்வளவு முடியும்?" என்று மட்டும் கேட்காமல் "எத்தனை வருடம் தாங்கும்?" என்றும் கேளுங்கள். போன வருடம் போட்ட புது டயரையும் என்ஜின் வேலையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தக் காசு போய்விட்டது.

இரண்டாவது லொறிக்கு இப்படித்தான் பார்த்தேன். ஸ்டியரிங் பெட்டியடியிலும் இரு நீளச் சட்டங்களிலும் கறள். பாஸ் ஒரு வருடத்துக்கு மேல் உறுதி சொல்லவில்லை. விற்க முடிவெடுத்தேன். "தார் பூசித் தாருங்கள் நானா, கூட விலைக்கு விற்றுத் தருகிறேன்" என்றார் ஒரு தரகர். மாதம்பை வடிகான் ஞாபகம் வந்தது. குறையைக் காட்டி, உதிரிப்பாகத்துக்கு வாங்குபவரிடம் குறைந்த விலைக்கே கொடுத்தேன்.

இப்போதைய லொறியில் பலகைக்கு மேல் தடித்த படங்கு விரிக்கிறோம். ஒவ்வொரு கருவாட்டு நடைக்குப் பிறகும் செசியை நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். கழுவுவது தோள்பட்டை முறிந்த அதே தம்பிதான், சொல்லாமலே செய்கிறார்.