சைக்கிள் ஓட்டுவோருக்கு ஏற்ற துடிப்புமானி எது?

ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து கரூர் சாலை வழியாக முக்கொம்புக்குச் சைக்கிளில் செல்வோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. போகும்போது மேற்குக் காற்று எதிர்த்து நிற்கும். திரும்பும்போது அதே காற்று பின்னின்று தள்ளும். சாலை ஒன்றே, சைக்கிள் ஒன்றே, ஓட்டுபவரும் ஒருவரே. ஆயினும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போவது பெரும்பாடு. அதே வேகத்தில் வருவது விளையாட்டு. ஆகவே, வேகத்தை மட்டும் பார்த்து உடல் எவ்வளவு உழைத்தது என்று கூற முடியாது. அதை அறிய உடலுக்குள்ளேயே ஓர் அளவை இருக்கிறது. அதுதான் இதயத் துடிப்பு.

உழைப்பும் துடிப்பும்

மலைக்கோட்டைப் பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் அவ்வளவு உயரம் ஏறுவதாகக் கொள்வோம். அவர் செய்யும் வேலை 50 × 9.8 × 83, அதாவது ஏறக்குறைய 40,700 ஜூல். 8 நிமிடத்தில் ஏறினால் திறன் சுமார் 85 வாட். நம் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிறது. எனவே உடல் உண்மையில் செலவிடுவது 340 வாட் அளவு இருக்கும். இதற்கு வேண்டிய ஆக்சிஜனை இரத்தம்தான் கொண்டுசெல்ல வேண்டும். அதனால் இதயம் விரைந்து துடிக்கிறது. ஓய்வில் நிமிடத்திற்கு 70 அல்லது 80 முறை துடித்த இதயம், ஏறி முடிக்கையில் அதைப்போல் இரு மடங்கு துடிக்கலாம்.

விரல் போதாதா?

மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பது நம் நாட்டு வைத்தியர்களின் பழைய வழக்கம். 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். ஆனால் எண்ணுவதில் ஒன்று தவறினால் விடையில் நான்கு தவறும். இதைவிடப் பெரிய இடையூறு ஒன்றும் உண்டு. சைக்கிள் ஓட்டிக்கொண்டே நாடி பார்க்க இயலாது; நிறுத்தினால் துடிப்பு உடனே குறையத் தொடங்கிவிடும். ஆகவே நாம் எண்ணுவது ஓட்டியபோது இருந்த துடிப்பை அன்று. நின்ற பிறகு இருக்கும் துடிப்பைத்தான். இக்குறையைப் போக்க வந்ததே ‘ஹார்ட் ரேட் மானிட்டர்’ என்று கடைகளில் வழங்கும் துடிப்புமானி. இதில் இரு வகைகள் முக்கியமானவை. ஒன்று மின்சாரத்தைக் கேட்கிறது. மற்றொன்று ஒளியைப் பார்க்கிறது.

மார்பு வார்

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிறு மின்மாற்றம் எழுந்து தோல்வரை பரவுகிறது. அதன் அளவு சுமார் ஒரு மில்லிவோல்ட்தான். இதைத் துல்லியமாகப் பதிவு செய்யும் முறையை வகுத்ததற்காக ஹாலந்து நாட்டின் வில்லெம் ஐந்தோவன் 1924-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி. இதன் வழிவந்ததே. மார்பு வாரில் இரண்டு மின்வாய்கள் உள்ளன. அவை இந்த மின்மாற்றத்தை உணர்ந்து, அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கின்றன. அந்நேரம் 0.4 விநாடி எனில் 60 ÷ 0.4 = 150 என்று கணக்கிட்டு, வானொலி அலை மூலம் சைக்கிளில் பொருத்திய கருவிக்கோ கைப்பேசிக்கோ அனுப்புகின்றன. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் இத்தகைய கம்பியில்லாக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மணிக்கட்டுக் கருவி

கைக்கடிகாரம் போன்ற கருவியின் அடியில் பச்சை விளக்கு மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். துடிப்பு வரும்போது குழாய்களில் இரத்தம் சற்று மிகும்; திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை ஓர் ஒளியுணர்வி எண்ணுகிறது.

முறை அழகானது, ஆனால் எளிதில் ஏமாறக்கூடியது. கருவி தோலின்மேல் அசைந்தாலும் ஒளி கூடிக் குறையும். மேடுபள்ளச் சாலையின் அதிர்ச்சி கைப்பிடி வழியே மணிக்கட்டுக்கு வருகிறது. கைப்பிடியை இறுகப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் அங்கே இரத்த ஓட்டமும் மாறுகிறது. சில வேளைகளில் கருவி, துடிப்பை விட்டுவிட்டு அசைவின் தாளத்தையே எண்ணத் தொடங்கும். இதயம் 170 முறை துடிக்க, கருவி 90 என்று காட்டினால் என்ன ஆகும்? ‘இன்னும் உழைக்கலாம்’ என்று எண்ணி ஓட்டுபவர் மேலும் மிதிப்பார். தவறான எண், எண்ணே இல்லாமையினும் தீது.

எதை வாங்குவது?

நடை, சீரான ஓட்டம், நாள் முழுதும் அணிந்து பார்த்தல் ஆகியவற்றிற்கு மணிக்கட்டுக் கருவி போதும். வேகத்தைத் திடீரெனக் கூட்டியும் குறைத்தும் சைக்கிள் பயிற்சி செய்வோருக்கு மார்பு வாரே ஏற்றது. மார்பு வார் உறுத்துகிறது என்போர், முன்கையிலோ மேற்கையிலோ கட்டும் ஒளிக்கருவியை வாங்கலாம். அங்கே சதைப்பற்று மிகுதி, அசைவு குறைவு.

வாங்குமுன் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். உங்களிடமுள்ள கைப்பேசியுடனோ சைக்கிள் கருவியுடனோ அது இணையுமா? பேட்டரியை நாமே மாற்றலாமா? வாரைக் கழற்றித் துவைக்க முடியுமா? வியர்வையின் உப்பு படிந்தால் வார் விரைவில் கெடும். மார்பு வாரை அணியுமுன் மின்வாய்களைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த தோல் மின்சாரத்தை நன்கு கடத்தாது.

எண்ணைப் படிக்கும் முறை

மிகுதியான துடிப்பு எவ்வளவு என்பதற்கு 220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் ஒன்று வழக்கில் உள்ளது. 15 வயதினருக்கு 205. இது சராசரியே, ஒரே வயதுடைய இருவருக்கிடையே 10, 20 துடிப்புகள் வேறுபடுவது இயல்பு. ஆகவே நண்பனின் எண்ணை உங்கள் எண்ணுடன் ஒப்பிடாதீர்கள்; உங்களது நேற்றைய எண்ணுடன் இன்றைய எண்ணை ஒப்பிடுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே உழைப்புக்குத் துடிப்பு மிகும். அப்போது வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை. மார்பு வலியோ மயக்கமோ தோன்றினால், கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே நிறுத்திப் பெரியவர்களிடம் கூறி, மருத்துவரைக் காண வேண்டும்.

செய்து பாருங்கள்

1. கருவியை அணிந்து அமைதியாக அமருங்கள். ஒரு நிமிடம் முழுதும் விரலால் நாடியை எண்ணி, கருவி காட்டுவதுடன் ஒப்பிடுங்கள். பின் நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடி, நின்றவுடன் 15 விநாடி எண்ணி மறுபடி ஒப்பிடுங்கள். ஓய்வில் ஒத்துப்போய், ஓடியபின் 20, 30 என்று வேறுபடும் கருவி பயிற்சிக்கு உதவாது.

2. போக்குவரத்து குறைந்த சமதளச் சாலையில், பெரியவர் ஒருவர் துணையுடன், காற்றை எதிர்த்து 2 கிலோமீட்டர் சென்று அதே வழியில் திரும்புங்கள். இருமுறையும் துடிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். கருவியை அடிக்கடி பார்க்காதீர்கள். கண் சாலையில் இருக்க வேண்டும். போக எத்தனை நிமிடம், வர எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். உழைப்பு ஒன்று, வேகம் இரண்டு! அந்த வேறுபாடு காற்றின் கணக்கு.