கண்காணிப்புக் காமிராவும் ஈரக்காற்றும்

தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்வது கொங்கு நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கிணறும் களமும் ஆட்டுப் பட்டியும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அதன் காரணம். எனினும், ஆபத்து வேளையில் அழைத்தால் கேட்கும் தூரத்தில் அடுத்த வீடு இருப்பதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தினர் மூவரும், 2025ஆம் ஆண்டில் சிவகிரியை அடுத்த தோட்டம் ஒன்றில் முதிய தம்பதியர் இருவரும் கொலையுண்டனர். தனித்த தோட்டத்து வீடுகளுக்குக் கண்காணிப்புக் காமிரா வேண்டும் என்ற எண்ணம் இந்நிகழ்ச்சிகளால் வலுப்பெற்றது. மஞ்சளும் கொப்பரையும் நூலும் சேலையும் இருப்பு வைக்கும் சங்கக் கிடங்குகளுக்கும் இது பொருந்தும்.

காமிராவை வாங்கி மாட்டுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பகலில் தெளிவாகக் காட்டும் கருவி, நள்ளிரவில் வெண்மையான மூட்டத்தை மட்டும் காட்டுமாயின் அதனால் பயன் என்ன? இக்குறைக்குப் பெரும்பாலும் காரணமாவது காமிராவினுள் வேர்க்கும் நீரே. அதன் இயல்பையும் பரிகாரத்தையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

கண்ணாடியின் உட்புறத்தில் நீர்த்துளிகளைக் கண்டதும், மழைநீர் புகுந்துவிட்டது என்றே பலரும் கருதுகின்றனர். சிற்சில வேளைகளில் அது உண்மையாகலாம். ஆனால் பெரும்பாலும் நீர், ஆவி வடிவில் காற்றோடு கலந்தே உள்ளே செல்கிறது.

ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம் மட்டுமே தாங்கும். மிகுந்த ஆவி நீராகி, அருகிலுள்ள குளிர்ந்த பரப்பின்மேல் படியும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வேர்ப்பது இதனாலேயே. மேகமற்ற இரவில் காமிராவின் முன்புறக் கண்ணாடி விரைவில் குளிர்ந்துவிடுவதால், ஆவி முதலில் அங்கேயே படிகிறது.

இருளில் காண்பதற்காகக் காமிரா அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. கண்ணாடியிலுள்ள துளிகள் அவ்வொளியைத் திருப்பி வில்லையின்மீதே செலுத்துகின்றன. பகலில் சிறு மங்கலாகத் தோன்றும் ஈரம், இரவில் காட்சி முழுவதையும் மறைப்பதற்கு இதுவே காரணம்.

காமிராவும் மூச்சு விடுகிறது

வெயிலில் காமிராப் பெட்டியின் உட்புறம் 50 டிகிரி வரை சூடேறுவதாகக் கொள்வோம். மாலை மழையில் அது 25 டிகிரிக்குத் தணிந்தால், உள்ளேயுள்ள காற்று நூற்றில் எட்டுப் பங்கு சுருங்க முற்படும். அக்குறையை நிரப்ப, தேய்ந்த ரப்பர் வளையம், இறுகாத திருகு, கம்பி நுழையும் துளை ஆகியவற்றின் வழியே வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழ்வதால் ஈரம் சிறிது சிறிதாகச் சேர்கிறது.

மற்றொரு வழியும் உண்டு. பல இழைகளை முறுக்கிச் செய்த மின்கம்பியின் இணைப்பு நனைந்தால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அது நீரை உறிஞ்சி உள்ளே கொண்டு செல்லும். நூலின் இயல்பறிந்த நெசவாளருக்கு இது புதிதன்று.

மூன்றாவது காரணம் நம் கையால் நேர்வது. மெமரி கார்டு மாற்றுவதற்காக மழை நாளில் மூடியைத் திறந்து, அப்படியே மூடிவிட்டால், அன்றைய ஈரக்காற்றைப் பெட்டிக்குள் சிறை வைத்தவராகிறோம்.

பெட்டியின்மேல் ஐ.பி. 66, ஐ.பி. 67 என்ற குறிகளைக் காணலாம். முதலிலுள்ள 6 தூசி புகாமையைக் குறிக்கும். இரண்டாவது எண் 6 ஆயின் வேகமாகப் பீய்ச்சும் நீரையும், 7 ஆயின் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கியிருப்பதையும் தாங்கும் என்பது பொருள். முன்பே உள்ளே அடைபட்ட ஆவிக்கு இக்குறி பொறுப்பேற்பதில்லை.

குறையைக் கண்டறிதல்

முதலில் கண்ணாடியின் வெளிப்புறத்தை மெல்லிய துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். மூட்டம் நீங்கினால் அது வெறும் வெளிப்பனி. காமிராவைத் திறக்க வேண்டியதில்லை. துடைத்தும் நீங்காத மூட்டம், வெயில் ஏறியதும் மறைந்தால் உள்ளே சிறிதளவு ஆவி அடைபட்டுள்ளது எனலாம். பெட்டியின் அடியில் நீர் தேங்கி நின்றாலோ, திருகுகளில் துரு ஏறியிருந்தாலோ, கசிவு உண்டு என்பது உறுதி.

பரிகாரம்

உத்தரவாதக் காலம் முடியாத கருவியை நாமே திறத்தல் கூடாது. ரசீதுடன் விற்றவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மற்றவற்றுக்குச் செய்ய வேண்டுவன:

1. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே காமிராவைக் கழற்றுக. ஏணியைப் பிடிக்க ஒருவர் உடனிருப்பது அவசியம்.

2. மழையற்ற நண்பகலில், தூசியில்லாத உலர்ந்த அறையில் மூடியைத் திறக்கவும். நீரை வடித்துவிட்டு, வில்லை துடைக்கும் துணியால் மெதுவாக ஒற்றி எடுக்கவும்.

3. திறந்த காமிராவை, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக்கமான டப்பாவில் ஒன்று அல்லது இரண்டு நாள் வைக்கவும். அடுப்பனல், சூடான காற்று வீசும் கருவி ஆகியவற்றைப் பயன்படுத்தினால் வில்லையும் ரப்பரும் கெடும். அரிசியில் புதைத்தால் அதன் மாவுத்தூள் உள்ளே புகும்.

4. ரப்பர் வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் துடைத்துத் தூசி நீக்குக. வளையம் வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் அதே அளவில் புதியது இடுக.

5. புதிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வில்லையை மறைக்காதவாறு உள்ளே வைத்து, திருகுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கவும்.

பசை பூசுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். காடியின் புளித்த வாடை வீசும் சிலிகோன் பசை உலோகப் பகுதிகளை அரிக்கும். சில காமிராக்களில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய நுண்ணிய சவ்வுடன் கூடிய துளை அமைத்திருப்பர். அதனை அடைத்தல் தவறு.

வருமுன் காத்தல்

காமிராவை இறவாரத்தின் நிழலில், சற்றே கீழ்நோக்கிப் பொருத்துக. வெயில் குறைந்தால் அதன் மூச்சும் குறையும். கம்பியை நேராக நுழைக்காமல், கீழே வளைந்து தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்புகளை நீர் புகாப் பெட்டியில் வைத்து, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவால் சுற்றுக. மஞ்சள் வேகவைக்கும் இடம், சாயத் தொட்டி ஆகியவற்றின் ஆவி எட்டும் சுவரைத் தவிர்ப்பது நன்று. மின்செலவை எண்ணி அடிக்கடி நிறுத்துவதும் ஏற்றதன்று. ஓடும் கருவியின் இளஞ்சூடு ஈரம் படிவதைக் குறைக்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் ஜூன் முதலே ஈரத்தைச் சேர்க்கும். பவானி, சென்னிமலைப் பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் மார்கழிப் பனி தொடரும். ஆதலின் மாசி, பங்குனி மாதங்களின் வறண்ட நாட்களில் பரிசோதனையை முடித்துக்கொள்வது சாலச் சிறந்தது.

சங்கத்தின் பங்கு

சிலிக்கா ஜெல், ரப்பர் வளையம், நாடா ஆகியவற்றைச் சங்கம் மொத்தமாக வாங்கினால் அங்கத்தினருக்குச் செலவு குறையும். இப்பணியில் பழகிய இளைஞர் இருவர் ஊர்தோறும் இருந்தால், தனித்து வாழும் முதியோரின் காமிராக்களையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வரலாம். அவர்களுக்கு அந்த வருகையே ஒரு காவல்.

ஈரமான மஞ்சளைச் சாக்கிலிட்டுத் தைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதை நாம் அறிவோம். காய்ந்த பின்னரே மூட்டை கட்டுகிறோம். காமிராவுக்கும் விதி அதுவே: முதலில் உலர்த்துக, பின்னர் மூடுக.

கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. மழை புகாத பெட்டியிலும் நீர் வேர்ப்பது எவ்வாறு?

2. வெளிப்பனியையும் உள் ஈரத்தையும் வேறுபடுத்தி அறிவது எப்படி?

3. நம் ஊரில் தனித்துள்ள தோட்டத்து வீடுகள் எத்தனை? அவற்றின் காமிராக்கள் நேற்றிரவு எதைக் காட்டின?