சீன நகர மதில்கள்: மூன்று ஊர்களில் கண்டவை

நகரத்தைக் குறிக்கச் சீன மொழியில் வழங்கும் பழஞ்சொற்களுள் 'செங்' என்பது ஒன்று. அச்சொல்லுக்கு மதில் என்பதும் பொருளாகும். மதில் சூழாத ஊரை அவர்கள் நகரமாகக் கருதவில்லை என்பதற்கு இச்சொல்லே போதிய சான்று. நாம் சீனப் பெருஞ்சுவர் என்று கூறுவதை அவர்கள் 'சாங்செங்' என்கின்றனர். நெடுமதில் என்பது அதன் பொருள். பெருஞ்சுவரைப் பற்றி எல்லாப் பாடநூல்களும் பேசுகின்றன. ஊர் மதில்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

2019ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற அலுவலர்களுமாக இருபத்திரண்டு பேர் அடங்கிய ஒரு சுற்றுலாக் குழுவில் நானும் ஒருவனாகச் சென்று பெய்ஜிங், சீயான், சுவான்சௌ ஆகிய மூன்று நகரங்களையும் கண்டு வந்தேன். பட்டுக் கடைகளிலும் தேயிலைக் கடைகளிலும் எங்களை நிறுத்தி வைத்த நேரத்தைப் பற்றி எழுதுவதாக இல்லை. சுற்றுலா என்றால் அதுவும் சேர்ந்ததுதான். ஒரே நாட்டில், ஒரே நூற்றாண்டில், இம்மூன்று நகரங்களும் தத்தம் மதில்களை வெவ்வேறு வகையில் நடத்தியுள்ளன. பழமையைக் காப்பதா, மக்களின் இன்றைய தேவைக்கு இடம் விடுவதா என்ற வழக்கு வகுப்பறையில் அடிக்கடி எழுவது. அவ்வழக்கின் இரு பக்கங்களும் அங்கே செங்கல்லாகவும் கருங்கல்லாகவும் கண்ணெதிரே கிடக்கின்றன. ஆதலால் அவற்றைப் பற்றி மட்டும் எழுதத் துணிந்தேன்.

முதலில் பெய்ஜிங். மிங் மரபைச் சேர்ந்த யுங்லோ பேரரசர் 1406ஆம் ஆண்டு தொடங்கி 1420ஆம் ஆண்டு முடிய அங்கே அரண்மனை எழுப்பித் தம் தலைநகரை நிறுவினார். அவ்வரண்மனையில் மிங், சிங் ஆகிய இரு மரபுகளையும் சேர்ந்த இருபத்து நான்கு பேரரசர்கள் வாழ்ந்தனர். கடைசிப் பேரரசர் 1912இல் முடி துறந்தார். 1924இல் அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்டார். 1925இல் அரண்மனை அருங்காட்சியகமாயிற்று. இவை யாவரும் அறிந்தவை. அரண்மனைக்கு வெளியே, ஊரைச் சுற்றி ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்பது வாயில்களுடன் ஓர் உள்மதில் இருந்ததும், 1553ஆம் ஆண்டில் அதன் தெற்கே ஏழு வாயில்களுடன் ஒரு புறமதில் சேர்க்கப்பட்டதும் பலரும் அறியாதவை. அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை.

1950ஆம் ஆண்டில் கட்டடக்கலை அறிஞர் லியாங் சுசெங், சென் சான்சியாங் என்னும் நகரமைப்பு வல்லுநருடன் சேர்ந்து அரசுக்கு ஒரு திட்டம் அளித்தார். புதிய அரசின் அலுவலகங்களைப் பழைய நகருக்கு மேற்கே தனியாகக் கட்டிக்கொள்ளலாம், பழைய நகரை அப்படியே விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். மதிலின் உச்சி பத்து மீட்டருக்கும் மேற்பட்ட அகலம் உடையது. அதன்மேல் பூச்செடிகளை வைத்து, இருக்கைகளைப் போட்டு, மக்கள் மாலையில் உலவும் பூங்காவாக்கலாம் என்றும் அவர் எழுதினார். மதில் போக்குவரத்துக்குத் தடை, நிலவுடைமைக் காலத்தின் எச்சம், அதன் செங்கற்கள் வேறு பணிக்கு உதவும் என்றெல்லாம் மறுதரப்பினர் வாதிட்டனர். லியாங் தோற்றார். ஐம்பதுகளில் தொடங்கிய இடிப்பு அறுபதுகளின் இறுதிவரை நடந்தது. 1969இல் சீசிமென் வாயிலை இடித்தபோது, அதன் வயிற்றுக்குள்ளிருந்து அதனினும் பழைய யுவான் காலத்து வாயில் ஒன்று வெளிப்பட்டது. குப்லாய் கான் அமைத்த நகரின் வாயில் அது. அதையும் சேர்த்தே அகற்றினர்.

இன்று மதில் இருந்த தடத்தில் சுரங்க ரயிலின் இரண்டாம் பாதை ஓடுகிறது. நகரைச் சுற்றி வளையமாக வரும் அப்பாதையில் பதினெட்டு நிலையங்கள். அவற்றுள் பதினொன்றின் பெயர் 'மென்' என்று முடிகிறது. மென் என்றால் வாயில். சீசிமென், தொங்சிமென், சாவ்யாங்மென் என்று ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டே வருகிறது. இறங்கி மேலே ஏறிப் பார்த்தால் வாயிலைக் காணோம். நாற்சந்தியும் மேம்பாலமுமே உள்ளன.

எங்கள் குழுவில் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். என் முகவாட்டத்தைக் கண்ட அவர் ரயிலிலேயே கேட்டார்: "மதில் நின்றிருந்தால் இந்த ரயிலை எந்த வழியாக விட்டிருப்பார்கள், தம்பி?" மதிலுக்கு அடியில் குடைந்து விட்டிருக்கலாமே என்றேன். "ஐயா, அது இன்றைய எந்திரத்தை வைத்துக்கொண்டு பேசும் பேச்சு. 1965இல் இவர்கள் கையில் இருந்தது பள்ளம் வெட்டி, பெட்டி கட்டி, மேலே மண்ணை மூடும் முறை. வீடுகளை இடிக்காமல் ஊரைச் சுற்றிப் பள்ளம் வெட்ட வேண்டுமானால் மதிலும் அகழியும் இருந்த இடத்தை விட்டால் வேறு இடம் ஏது?" என்றார். அவர் கூறியதில் பெரும் உண்மை உண்டு. எனினும் ரயில் வேலை தொடங்கியது 1965இல். புறமதிலோ ஐம்பதுகள் முடிவதற்குள்ளாகவே பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே ரயிலின் மேல் முழுப் பழியையும் போடுவதற்கில்லை. ரயிலைக் காட்டி முழு இடிப்பையும் நியாயப்படுத்துவதற்கும் இல்லை. இதை அவரிடம் கூறியபோது தலையை அசைத்தார்; ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

1957இல் இடிக்கப்பட்ட யுங்திங்மென் வாயிலை 2004இல் மீண்டும் கட்டியுள்ளனர். அளவு, வண்ணம், கூரை எல்லாம் ஒழுங்காகவே உள்ளன. இரு பக்கமும் மதில் இன்றி, வாயில் மட்டும் தனியே நிற்பது சுவரில்லாத கதவைப் போன்ற தோற்றம் தருகிறது. அந்த வாயில் தொடங்கி வடக்கே முரசுக் கோபுரம், மணிக் கோபுரம் வரை 7.8 கிலோமீட்டர் நீளும் நகரின் நடு அச்சு, 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எனக்கு அதைக் காட்டிலும் பிடித்தது, தென்கிழக்கு மூலையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் எஞ்சிய உண்மை மதிலே. 2002இல் அதைச் சுற்றிப் பூங்கா அமைத்தனர். முன்பு மதில் செங்கற்களை எடுத்துத் தம் வீட்டுச் சுவர்களிலும் கொட்டில்களிலும் வைத்துக் கட்டியிருந்த மக்கள் பலர், அரசு கேட்டுக்கொண்டபோது அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தனராம். சரிந்த இடத்தைச் சரிந்தபடியே விட்டிருக்கிறார்கள். அதன் நிழலில் முதியவர்கள் கூண்டுப் பறவைகளுடன் அமர்ந்திருந்தனர்.

பெய்ஜிங்குக்கு வடக்கே முதியன்யு என்னுமிடத்தில் நெடுமதிலையும் கண்டோம். ஒரே ஒரு செய்தியைச் சொல்லி நகர்கிறேன். மிங் காலத்துக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தில் பசையரிசிக் கஞ்சியைக் கலந்தனர். அரிசியின் மாவுச்சத்து சுண்ணாம்புடன் சேர்ந்து இறுகுவதே அச்சாந்தின் வலிமைக்குக் காரணம் என்று சீன வேதியியலார் ஆய்ந்து கூறியுள்ளனர்.

சீயான் நகருக்கு விரைவு ரயிலில் சென்றோம். சுடுமண் படைவீரர்களை எல்லோரும் எதிர்பார்த்தோம். 1974இல் கிணறு தோண்டிய உழவர்கள் கண்டெடுத்த அவ்வுருவங்கள், கி.மு. 210இல் இறந்த முதற் பேரரசர் சின் சி உவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்டவை. பெரும்பாலானவை இன்னும் மண்ணுக்குள்ளேதான் உள்ளன. வெளியே எடுத்தால் மேற்பூச்சு வண்ணம் உரிந்துவிடுகிறது. உரியாமல் காக்கும் வழி கைவரும்வரை தோண்டுவதில் அவசரம் காட்டுவதில்லை. இந்தப் பொறுமை போற்றத்தக்கது.

சீயான் மதில் முழுதாக நிற்கிறது. தாங் காலத்து அரசு வளாகத்தின் அடித்தளத்தின்மேல் 1370 முதல் 1378 வரை எழுப்பப்பட்ட இம்மதிலின் சுற்றளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர், உச்சியின் அகலம் 12 முதல் 14 மீட்டர். உள்ளே இருப்பது அடித்து இறுக்கிய மண். செங்கல் போர்வை 1568இல்தான் போர்த்தப்பட்டது. ஏறத்தாழ 120 மீட்டருக்கு ஒன்றாக, மதிலினின்று வெளியே துருத்தி நிற்கும் காவல் மேடைகள் 98 உள்ளன. அதன் காரணத்தைப் பொறியாளர் பெரியவரே விளக்கினார்: இரு மேடைகளுக்கும் நடுவே வரும் பகைவன் எந்த மேடையிலிருந்தும் அறுபது மீட்டருக்குள் இருப்பான், அது அம்பின் எல்லை. வாயிலுக்கு முன்னே அரண் செய்த முற்றம் ஒன்று உண்டு. அதற்கு 'வெங்செங்' என்று பெயர். வெங் என்றால் சாடி. முதல் கதவை உடைத்து உள்ளே வந்த பகைவன் சாடிக்குள் விழுந்த ஆமையைப் போல நான்கு பக்கமும் சூழப்படுவான்.

இம்மதிலும் தப்பியது எளிதாக அன்று. முப்பதுகளில் சப்பானியர் குண்டு வீசியபோது மக்கள் இம்மதிலைக் குடைந்து பதுங்கிடங்கள் செய்துகொண்டனர். ஐம்பதுகளின் இறுதியில் பெய்ஜிங்கைப் போல இங்கும் இடிக்கும் எண்ணம் எழுந்தது. ஆயின் 1961இல் நாட்டின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் முதற் பட்டியலில் இது சேர்ந்தது. 1983 முதல் பழுது பார்க்கும் பணி நடந்தது. இன்று மதிலின்மேல் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. லியாங் பெய்ஜிங்குக்குச் சொன்ன மாலைப் பூங்கா இங்கே நடைமுறையில் உள்ளது. அதன்மேல் ஒரு சுற்று வந்தபோது எனக்கு மகிழ்ச்சியினும் வருத்தமே மிகுந்தது. வாயில்களின் வழியே பேருந்துகள் நெரிசலின்றிப் போய்வந்தன. போக்குவரத்து கெடும் என்ற வாதத்துக்கு அவையே விடை கூறுவனபோல் தோன்றின.

சீயானில் பெருங் காட்டுவாத்துக் கோபுரம் என்னும் பௌத்தக் கோபுரமும் உண்டு. இந்தியாவினின்று 657 நூல்களுடன் 645இல் திரும்பிய யுவான் சுவாங், அவற்றைக் காக்க 652இல் கட்டுவித்தது. காஞ்சி வரை வந்தவர் அவர் என்பதால் எங்கள் குழுவினர் அங்கே சற்று அதிக நேரம் நின்றனர்.

மூன்றாவதாகிய சுவான்சௌ வழக்கமான சுற்றுலாப் பட்டியலில் இல்லாத ஊர். நாங்கள் வற்புறுத்திச் சேர்த்தது. பியூசியன் மாநிலக் கடற்கரையில் உள்ள இதனையே அராபியர் சைத்தூன் என்றனர். மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் வியந்த துறைமுகம் இது. இங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று சகம் 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களுக்குரியது. மங்கோலியக் கானின் உடல் நலம் வேண்டி, சம்பந்தப் பெருமாள் என்பார் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியைத் தமிழில் கூறி, இறுதியில் சீன எழுத்துகளையும் கொண்டிருக்கிறது.

அக்கோயில் இன்று இல்லை. 1357 முதல் 1366 வரை நடந்த பாரசீகப் படையினரின் கலகத்தில் ஊர் சிதைந்தது. பின்வந்த மிங் அரசு கடல் வாணிகத்தைத் தடுத்தது. அயல்நாட்டார் குடியிருப்புகள் அழிந்தன. கோயில், மசூதி, தேவாலயம், கல்லறை எதுவாயினும் இடிந்த கல் கல்லே என்று எடுத்து மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் வைத்தனர். இவ்வாறே கையுவான் பௌத்தக் கோயிலின் பெருமண்டபத்துப் பின்புறம் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு வந்து சேர்ந்தன. அவற்றில் நரசிங்கம், யானையைக் காத்த திருமால், மருத மரங்களுக்கு இடையே தவழும் கண்ணன், ஆய்ச்சியர் துகில் கவர்ந்த கண்ணன் ஆகிய உருவங்கள் வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டுள்ளன. உளி பிடித்தவர் சீனராகவே இருத்தல் வேண்டும். மேகமும் மலரும் சீன மரபில் சுருள்கின்றன. எங்கள் வழிகாட்டிப் பெண் இவற்றை அறியாதவர். குழுவில் இருந்த தமிழாசிரியை ஒருவர் ஒவ்வொரு கதையாகக் கூற, அப்பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இனி மதிலுக்கு வருவோம். இருபதுகளில் சாலை போடுவதற்காகவும் பின்னர்ப் போர்க்காலத்திலும் சுவான்சௌ மதிலை இடித்தனர். இடிபட்ட மதிலின் உள்ளேயிருந்து செதுக்கிய கற்கள் உதிர்ந்தன. வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர், கொத்தர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் அவற்றைத் தேடித் தம் சொந்தப் பணத்தில் சேர்த்து வந்தார். தமிழ்க் கல்வெட்டை 1956இல் கண்டெடுத்தவரும் அவரே. 1957இல் எல்லாச் சமயக் கற்களையும் தொகுத்து நூலாக்கினார். இன்று அறியப்பட்ட இந்து சமயக் கற்கள் மட்டும் 300க்கு மேற்பட்டவை. 1959இல் நிறுவிய கடல்வழி வாணிக அருங்காட்சியகத்தில் பல உள்ளன. இலிங்கத்துக்கு யானை பூசை செய்யும் கல்லின் முன் எங்கள் குழு பேச்சற்று நின்றது.

பொறியாளர் பெரியவர் இங்கேயும் விடவில்லை. "மதிலை இடித்திராவிட்டால் இந்த யானை உமக்குக் கிடைத்திருக்குமா, தம்பி?" என்றார். கிடைத்திராது. அதே வேளையில், அந்த மதிலைக் கட்டியவர்கள் கோயிலை விட்டு வைத்திருந்தால் யானை அதன் இடத்திலேயே இருந்திருக்கும் என்றேன். "அப்படியானால் யாருடைய பழமையைக் காப்பது? மதில்காரனுடையதையா, கோயில்காரனுடையதையா?" என்று திருப்பிக் கேட்டார். இரவு உணவு வரையில் குழுவில் அதே பேச்சு.

புறப்படும் நாளில், ஊரின் தென்வாயிலாகிய தெசிமென் இருந்த இடத்தைப் பார்த்தோம். 1948இல் தீக்கிரையாகிய அவ்வாயிலின் அடித்தளத்தை 2001இல் அகழ்ந்தனர். தரைமட்டத்துக்குக் கீழே வாயிலின் அடிக்கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றிடையே இந்து, இசுலாமிய, கிறித்தவ, பௌத்தக் கற்கள் கிடைத்துள்ளன. கையுவான் கோயிலும் இவ்வாயிலும் உள்ளிட்ட 22 இடங்களைச் சேர்த்து 2021இல் சுவான்சௌ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. நாங்கள் சென்றபோது அங்கே காவலர் ஒருவரும் பள்ளிப் பிள்ளைகள் சிலரும் மட்டுமே இருந்தனர். சியாமென் விமானத்துக்கு நேரமாகிறதென்று எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிடம். பொறியாளர் பெரியவர் கம்பி வேலியைப் பிடித்தபடி, எந்தக் கல் எந்தக் கட்டடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு நின்றார்; அவரை அழைத்துவர வழிகாட்டி இருமுறை ஆளனுப்ப வேண்டியதாயிற்று.