கடலைக் கடக்கும் செய்தி வாசலில் நிற்பதேன்?

புதுப்பட்டினத்திலிருந்து மேற்படிப்புக்குச் சென்று பல்கலைக்கழக விடுதியில் தங்கும் மாணவர் ஒருவர், இரவில் இணைய விளையாட்டில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்துகிறார், திரையில் வீரன் சற்று நேரம் கழித்தே நகர்கிறான். விடுதி இணைப்போ வேகமானது என்கிறார்கள். பிறகு ஏன் இந்தத் தாமதம்?

'வேகம்' என்ற சொல்லில் இரண்டு அளவுகள் கலந்துள்ளன. ஒரு நொடியில் எத்தனை பிட்டுகள் செல்லும் என்பது கொள்ளளவு. ஒரு செய்தி போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது தாமதம். கிழக்குக் கடற்கரைச் சாலையை இருமடங்கு அகலமாக்கினால் வண்டிகள் அதிகம் செல்லலாம். ஆனால் புதுப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் உள்ள தொலைவு குறைந்துவிடுமா?

விளையாட்டுச் செய்திகள் சிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. அவற்றுக்கு அகலமான பாதை தேவையில்லை. தடையற்ற பாதையே தேவை.

முதலில் தொலைவைக் கணக்கிடுவோம். 2002ஆம் ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட ஒளியிழை வடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே போய்வர 32 மில்லி நொடி ஆகும். இதை எவராலும் குறைக்க இயலாது. அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பதே வழி.

இனி விடுதிக்கு வருவோம். ஒருவர் பெரிய வீடியோ ஒன்றை இணையத்தில் ஏற்றுகிறார். வெளியே செல்லும் பாதை நொடிக்கு 1 கோடி பிட்டுகளையே ஏற்கும். மிகுந்த பொட்டலங்கள் ரூட்டரில் வரிசையாகக் காத்து நிற்கும். அவ்வாறு 10 லட்சம் பைட்டுகள், அதாவது 80 லட்சம் பிட்டுகள், சேர்ந்துவிட்டால் வரிசை கரைய 800 மில்லி நொடி ஆகும். கடைசியில் வந்த விளையாட்டுப் பொட்டலமும் அவ்வளவு நேரம் நிற்கவேண்டும். கடலைக் கடந்துவர 32. விடுதி வாசலைக் கடக்க 800!

வைஃபையிலும் இதே நிலைதான். ஓர் அலைவரிசையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசும், மற்றவை காத்திருக்கும்.

இதற்குத் தீர்வு என்ன? சுவரில் இணைப்புத் துளை இருந்தால் கம்பி வழியே கணினியை இணைக்கலாம். பெரிய கோப்புகளை ஆள் குறைந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம். ஆனால் முக்கியமான மாற்றம் ரூட்டரில் நிகழவேண்டும். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இரு அறிஞர்கள் 'கோடெல்' என்னும் முறையை வெளியிட்டனர். காத்திருப்பு 5 மில்லி நொடிக்கு மேல் விடாமல் நீடித்தால், ரூட்டர் சில பொட்டலங்களைக் கைவிடும். அனுப்பும் கணினி அதைக் குறிப்பாக உணர்ந்து வேகத்தைத் தணித்துக்கொள்ளும். பின்னர் வந்த முறை, ஒவ்வொரு செய்தி ஓட்டத்துக்கும் தனி வரிசை தந்து முறைவைத்து அனுப்புகிறது. பெரிய கோப்பு சற்றே மெதுவாகும். சிறு பொட்டலம் நிற்காமல் செல்லும்.

விளையாட்டுக்கு மட்டுமா இந்த நன்மை? அதே பாதையில்தான் ஒருவர் இணைய வகுப்பைக் கவனிக்கிறார்; இன்னொருவர் வீட்டாருடன் பேசுகிறார். பாதையை அகலப்படுத்துமுன் வரிசையைச் சீர்செய்தால் அனைவருக்கும் பயன் உண்டு.

செய்து பார்க்க: கணினியில் 'பிங்' கட்டளையால் ஒரு சர்வரின் தாமதத்தை 20 முறை அளந்து குறியுங்கள். ஒரு பெரிய கோப்பை ஏற்றும்போது மீண்டும் 20 முறை அளவிடுங்கள். இரு சராசரிகளின் வேறுபாடு பெரிதாயின், அதிகரித்தது தொலைவா, வரிசையா? நீங்களே முடிவு செய்யுங்கள்.