மருந்தும் உணவும் சந்திக்கும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன், தசலட்சண பர்வ நாளொன்றில், திருவண்ணாமலையில் நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறி இப்பாடத்தைத் தொடங்குகிறோம். உபவாசம் ஏற்றிருந்த நம் தமக்கையார், காலையில் கொதித்தாறிய நீருடன் நீரிழிவு மாத்திரையை வழக்கம்போல் உட்கொண்டார். நண்பகலில் உடல் வியர்த்தது, கைகள் நடுங்கின, பேச்சுக் குழறியது. நோன்பின் களைப்பு என்றே நாம் எண்ணியிருந்தோம். அண்டை வீட்டுச் செவிலியர் சர்க்கரை நீர் பருகச் செய்த பின்னரே தெளிவு பெற்றார்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அவை தம் பணியைச் செய்யும். இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். நோன்பு குறித்து மருத்துவரிடம் முன்னரே கூறாதது நம் பிழை. (நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் புகட்டலாகாது, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.)

மருந்து உணவோடும், மூலிகையோடும், பிற மருந்தோடும் கலந்தே உடலில் இயங்குகிறது. அது மூன்று வகைப்படும்.

1. உடலில் சேராமல் தடுத்தல்: தைராய்டு மாத்திரையைச் சுண்ணாம்புச் சத்து அல்லது இரும்புச் சத்து மாத்திரையுடன் உட்கொண்டால் அது குடலில் சரிவர உறிஞ்சப்படாது. இடையே 4 மணி நேரம் வேண்டும். காலைக் காப்பியும் தைராய்டு மாத்திரைக்குத் தடையே. தேநீர் இரும்புச் சத்தைத் தடுக்கும்.

2. அளவை மாற்றுதல்: மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் அவ்வேலையை விரைவுபடுத்துவதால் வேறு பல மருந்துகளின் வலிமை குறையும். இதற்கு மாறாக, பம்பளிமாசு இனத்தைச் சேர்ந்த கிரேப் பழச்சாறு இரத்த அழுத்த மருந்தொன்றின் அளவை இரத்தத்தில் உயர்த்துவதைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்டனர்.

3. விளைவைக் கூட்டுதல், குறைத்தல்: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரினுடன் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சேர்ந்தால் இரத்தக் கசிவு நேரலாம். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபாரினின் வலிமையைக் குறைக்கும். ஆகவே கீரையை ஒருநாள் மிகுத்தும் ஒருநாள் விடுத்தும் உண்ணாமல் ஒரே அளவில் உண்ண வேண்டும். தொண்டைக்கு இதமான அதிமதுரம் நாள்தோறும் மிகுதியாக உட்கொள்ளப்படின் இரத்த அழுத்தத்தை ஏற்றும்; பொட்டாசியத்தைக் குறைக்கும்.

நம் ஊரில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் முதியோர் பலர், முழங்கால் வலிக்குத் தாமே மாத்திரை வாங்கி உட்கொள்கின்றனர். இரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் உட்கொள்வோருக்கு அதனால் சிறுநீரகம் பழுதடையக்கூடும். வியர்த்து உடல்நீர் வற்றியிருக்கையில் ஆபத்து மேலும் மிகும்.

பல மருந்துகளை ஒன்றாய்ச் சேர்த்த மாத்திரைகளும் ஆராயத்தக்கன. அத்தகைய 156 கூட்டு மருந்துகளை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தடை செய்தது.

நம்மவர்க்கு மற்றொரு செய்தி. 'இரவு உணவுக்குப் பின்' என மருத்துவர் எழுதுகிறார். நாமோ சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கிறோம். இதனை அவர் அறிந்தாலன்றி நேரத்தையும் அளவையும் பொருத்தமாக அமைக்க இயலாது. நாமாக மாத்திரையை நிறுத்துதலும் தவறு.

பயிற்சி வினாக்கள்:

1. நாம் உட்கொள்ளும் மருந்து, மூலிகை, சத்து மாத்திரை அனைத்தும் ஒரே தாளில் எழுதப்பட்டுள்ளனவா?
2. அத்தாளை ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டினோமா?
3. நோன்பு நாள்களையும் உண்ணும் நேரத்தையும் கூறினோமா?
4. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை இரண்டிலும் பாராசிட்டமால் உள்ளதா எனப் பார்த்தோமா?

இப்பொழுது நம் தமக்கையாரின் தாள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. பர்வம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அது மருத்துவரிடம் சென்று திரும்பிவிடுகிறது. அவர் இசைந்த அளவில் நோன்பும் இனிதே நிறைவேறுகிறது.