ஆண்ட்ரோஜன் மிகுதியும் பெண்கள் நலமும்

வளரும் பருவத்தில் நம் உடலில் தோன்றும் மாற்றங்களுள் சிலவற்றை மகிழ்வோடு ஏற்கிறோம், சிலவற்றை மறைக்கிறோம். முகவாயில் தடித்த முடி வளர்ந்தால் பிறர் முன் நிற்கக் கூசுகிறோம். பிடரியில் கருமை படர்ந்தால், அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் புண்ணாகும்வரை தேய்க்கிறோம். “ஒழுங்காக மஞ்சள் பூசியிருந்தால் இப்படி ஆகுமா?” என்று கேட்போரிடம் பதிலின்றித் தலைகுனிகிறோம். இவை நம் குற்றமா? அல்லவே அல்ல. உடல் நமக்கு விடுக்கும் செய்திகளாக இவை இருக்கலாம்.

ஆண்ட்ரோஜன் என்பது யாது?

ஆண்களின் உடலில் மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன்களை ஆண்ட்ரோஜன்கள் என்பர். அவற்றுள் முதன்மையானது டெஸ்டோஸ்டிரோன். பெண்களின் சினைப்பைகளும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளும் இவற்றைச் சிறிதளவு சுரக்கின்றன. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன்கூட ஆண்ட்ரோஜனிலிருந்தே உருவாகிறது. ஆகவே இது பகையன்று; உணவில் உப்பைப் போன்றது. அளவோடு இருந்தால் நன்மை, மிகுந்தால் கேடு.

மிகுவது ஏன்?

பெரும்பாலும் இதற்குக் காரணம், நாம் ‘நீர்க்கட்டி’ என்று வழங்கும் பி.சி.ஓ.எஸ். என்னும் நிலையே. 1935ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் இதனைக் கண்டு விளக்கி எழுதினர். உண்மையில் இவை கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். கருவுறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டென்றும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை இதனை அறியாமலே வாழ்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது, கணையம் மேலும் மேலும் அதனைச் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. பிடரியிலும் அக்குளிலும் கருமை படர்வதும் இன்சுலின் மிகுதியால்தான். எனவே, எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது!

விளைவுகள்

முகத்தில் முடியும் பருக்களும் மிகுகின்றன, தலைமுடி குறைகிறது. சினைமுட்டை முதிர்ந்து வெளிப்படாமையால் மாதவிலக்கு தள்ளிப்போகிறது. கவனியாது விட்டால், பிற்காலத்தில் நீரிழிவு, கருவுறுவதில் தடை, கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் ஆகியவற்றுக்கு இடமுண்டு. மனச்சோர்வும் இதனோடு சேர்ந்து வருவதுண்டு.

மருத்துவரை எப்போது நாடுவது?

பூப்பெய்திய முதலாண்டில் மாதவிலக்கு முன்பின்னாவது இயல்பே. மூன்றாண்டுகள் கடந்தும் 35 நாள்களுக்கு மேல் அடிக்கடி தள்ளிப்போனாலோ, முதலாண்டிற்குப் பின் ஒருமுறையேனும் 90 நாள்களைத் தாண்டினாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ மருத்துவரைக் காண வேண்டும். குரல் தடித்து, முடி திடீரென விரைந்து வளர்ந்தால் காலந்தாழ்த்தலாகாது. இளம்பெண்களின் சினைப்பையில் சிறு பைகள் பல இருப்பது இயல்பாதலால், ஸ்கேன் மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. இரத்தப் பரிசோதனையும் தேவை.

நாம் செய்ய வேண்டியன

மாதவிலக்கு வந்த நாளை நாள்காட்டியில் குறித்து வைப்போம். எண்ணெய்ப் பலகாரங்களையும் இனிப்பு பானங்களையும் குறைத்து, கீரை, பயறு, சிறுதானியங்களை மிகுதியாக உண்போம். நாள்தோறும் ஓடியாடி விளையாடுவோம். மிகுந்த எடையுள்ளோர் சிறிதளவு குறைத்தாலே மாதவிலக்கு சீராகக்கூடும். ஆனால் மெலிந்தவர்க்கும் இந்நிலை வருமாதலால், யாருடைய உருவத்தையும் பழிக்க வேண்டா. தோழி உண்ணும் மாத்திரையை நாமும் வாங்கி உண்ணுதல் தவறு.

தாய்மாரே, மகள் பிடரியின் கருமையைக் கண்டால் கடிந்துரையாதீர்கள், அருகழைத்துக் கேளுங்கள். தோழியரே, அன்னையிடமோ ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ மனம்விட்டுச் சொல்லுங்கள். இறைவன் நமக்களித்த கொடை இவ்வுடல். அதைப் பற்றிப் பேச வெட்கப்படுவானேன்? மறைத்தால் நோய் வளரும். உரைத்தால் வழி பிறக்கும்.